கணினிப் பெட்டி விசிறி

கணினிப் பெட்டி விசிறி என்பது மேசைக் கணினியின் பெட்டிக்குள் வெளிக்காற்றைக் கொண்டுவரவும், உள்ளே சூடான காற்றை வெளியேற்றவும் பெட்டியின் சுவர்களில் பொருத்தப்படும் சிறிய மின்விசிறி ஆகும். மையச் செயற்பகுதியின் மீதும் வரைகலை அட்டையின் மீதும் அமைந்துள்ள விசிறிகள் அந்தந்தச் சில்லின் வெப்பத்தை அருகிலுள்ள காற்றுக்கு மாற்றுகின்றன. அவ்வாறு சூடான காற்றைப் பெட்டியிலிருந்து அகற்றிப் புதிய காற்றைத் தருவது பெட்டி விசிறியின் வேலை. பெட்டி விசிறி இல்லாவிட்டால் மற்ற விசிறிகள் ஒரே சூடான காற்றைத் திரும்பத் திரும்பச் சுழற்றிக் கொண்டிருக்கும்.

உதிரிப்பாகங்களை வாங்கி வீட்டிலேயே கணினியை அசெம்பிள் செய்வோரிடம், விசிறிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் கணினி குளிரும் என்னும் நம்பிக்கை பரவலாக உண்டு. இது ஓரளவே உண்மை. காற்று எவ்வழியாக நுழைகிறது, எவற்றைத் தொட்டுச் செல்கிறது, எவ்வழியாக வெளியேறுகிறது என்பதே முதலில் கவனிக்கப்பட வேண்டியது. சரியான இடத்தில் பொருத்தப்பட்ட மூன்று விசிறிகள், இடம் தவறிப் பொருத்தப்பட்ட ஆறு விசிறிகளைவிட நன்கு வேலை செய்யக்கூடும்.

வெப்பமும் காற்றின் அளவும்

கணினி பெறும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. எடுத்துக்காட்டாக, 65 வாட் வகையைச் சேர்ந்த ஆறு கருக்கள் கொண்ட செயற்பகுதியும், 170 வாட் வரை எடுக்கும் என்விடியா ஆர்.டி.எக்ஸ் 3060 வரைகலை அட்டையும் கொண்ட கணினியைக் கருதலாம். நினைவகம், தாய்ப்பலகை முதலியவற்றையும் சேர்த்தால், முழுச் சுமையில் இதன் பெட்டிக்குள் ஏறத்தாழ 300 வாட் வெப்பம் உண்டாகும்.

ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிலோகிராம். ஒரு கிலோகிராம் காற்றின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசு உயர்த்த ஏறத்தாழ 1005 ஜூல் ஆற்றல் தேவை. எனவே ஒரு கன மீட்டர் காற்று 10 பாகை சூடாகி வெளியேறும்போது ஏறத்தாழ 12,000 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. 300 வாட் என்பது நொடிக்கு 300 ஜூல். ஆகவே நொடிக்கு 0.025 கன மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 90 கன மீட்டர் காற்று பெட்டியைக் கடந்து சென்றால், வெளியேறும் காற்று அறைக் காற்றைவிட 10 பாகை மட்டுமே கூடுதலாக இருக்கும். விசிறி உறைகளில் அச்சிடப்படும் சி.எஃப்.எம். அலகில், அதாவது நிமிடத்திற்கு எத்தனை கன அடி என்னும் கணக்கில், இது ஏறத்தாழ 53 ஆகும்.

காற்றோட்டம் மணிக்கு 45 கன மீட்டராகக் குறைந்தால் இந்த உயர்வு 20 பாகையாகும். 180 கன மீட்டராகக் கூடினால் 5 பாகை. 360 ஆக்கினால் 2.5 பாகை. முதல் இரட்டிப்பு 10 பாகையைக் குறைக்கிறது. மூன்றாவது இரட்டிப்பு 2.5 பாகையை மட்டுமே குறைக்கிறது. விசிறி இல்லாத பெட்டியில் முதலில் சேர்க்கப்படும் ஒன்றிரண்டு விசிறிகள் பெரும் மாற்றத்தைத் தருவதும், பின்னர்ச் சேர்ப்பவை ஏறக்குறைய இரைச்சலை மட்டும் தருவதும் இதனாலேயே.

இக்கணக்கிலிருந்து மற்றொன்றும் தெளிவாகும். விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. பெட்டியின் உட்புறத்தை அறையின் வெப்பநிலைக்குக் கீழே எந்த விசிறியாலும் கொண்டுசெல்ல முடியாது. 25 பாகை அறையில் 70 பாகையில் ஓடும் செயற்பகுதி, அதே சுமையிலும் அதே விசிறி வேகத்திலும் 35 பாகை அறையில் ஏறத்தாழ 80 பாகையைக் காட்டும். குளிர்ந்த நாடுகளில் செய்யப்பட்ட சோதனை முடிவுகளை வெப்ப நாட்டில் வாழ்வோர் படிக்கும்போது இதை நினைவில் கொள்ளுதல் நல்லது.

இன்றைய செயற்பகுதிகள் வெப்பத்தால் எரிந்துபோவது அரிது. இன்டெலின் பல செயற்பகுதிகளுக்கு 100 பாகையும், 2022 இல் வெளிவந்த ஏ.எம்.டி. ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95 பாகையும் எல்லையாகும். எல்லையைத் தொட்டதும் சில்லு தன் கடிகார வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஆகவே காற்றோட்டக் குறைவால் ஏற்படும் வழக்கமான இழப்பு, காசு கொடுத்து வாங்கிய வேகம் கிடைக்காமல் போவதே. கணினி நின்றுவிடாமல் ஓடிக்கொண்டிருப்பதால் பலர் இதை அறிவதே இல்லை.

வரலாறு

1981 இல் வெளிவந்த ஐ.பி.எம். தனிமேசைக் கணினியில் 63.5 வாட் மின்வழங்கி இருந்தது. அதனுள் இருந்த விசிறியே பெட்டி முழுவதற்கும் போதுமானதாயிற்று. 1995 இல் இன்டெல் அறிமுகப்படுத்திய ஏ.டி.எக்ஸ். அமைப்பின் தொடக்க வரையறையில், மின்வழங்கியின் விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுத்துச் செயற்பகுதியின் மீது வீசுமாறு கருதப்பட்டது. மின்வழங்கியைக் கடந்து சூடான காற்றே செயற்பகுதிக்குக் கிடைத்ததால் இம்முறை நிலைக்கவில்லை. விசிறி வெளியேற்றும் திசைக்கு மாறியது.

பென்டியம் 4 காலத்தில் செயற்பகுதிகளின் வெப்பம் மிகவும் கூடியது. பெட்டியின் பக்கப் பலகையில் ஒரு குழல் அமைத்து, வெளிக்காற்றை நேரே செயற்பகுதியின் விசிறிக்குத் தரும் பெட்டிகள் அப்போது பரவின. 2003 இல் இன்டெல் பி.டி.எக்ஸ். என்னும் புதிய அமைப்பை அறிவித்தது. முன்புறமிருந்து வரும் காற்று முதலில் செயற்பகுதியையும் பின்னர் மற்ற பாகங்களையும் நேர்கோட்டில் கடக்குமாறு தாய்ப்பலகையின் பாகங்களே அதில் இடம் மாற்றப்பட்டிருந்தன. வெப்பம் குறைந்த கோர் வரிசைச் செயற்பகுதிகள் வந்ததும் அதன் தேவை குன்றி, 2006 இல் இன்டெல் அதனைக் கைவிட்டது. ஆயினும் முன்னிருந்து பின்னோக்கி நேரே செல்லும் காற்றுவழி என்னும் கருத்து மட்டும் ஏ.டி.எக்ஸ். பெட்டிகளிலேயே நிலைபெற்றுவிட்டது.

விசிறியைத் தேர்ந்தெடுத்தல்

பெட்டி விசிறிகள் சட்டத்தின் பக்க நீளத்தால் குறிக்கப்படுகின்றன. 80, 92, 120, 140 மி.மீ. ஆகியவை வழக்கமான அளவுகள். இவற்றின் திருகுத் துளைகளுக்கு இடையேயான தொலைவு முறையே 71.5, 82.5, 105, 124.5 மி.மீ. ஆகும். பெட்டியில் எந்த விசிறி பொருந்தும் என்பதில் ஐயம் இருந்தால் துளைத் தொலைவை அளந்து பார்ப்பதே உறுதியான வழி. 200 மி.மீ. விசிறிகளுக்கு இத்தகைய ஒரே நியமம் இல்லாததால், பழுதானால் மாற்று கிடைப்பது கடினம். தடிமன் பெரும்பாலும் 25 மி.மீ.

பெரிய விசிறி அதே அளவு காற்றை மெதுவாகச் சுழன்றே தள்ளுகிறது. 120 மி.மீ. விசிறியின் பரப்பு 80 மி.மீ. விசிறியினதைப் போல் 2.25 மடங்கு. பெட்டி இடம் தருமானால் பெரிய அளவையே தேர்ந்தெடுப்பது நல்லது.

உறையில் இரண்டு எண்கள் முதன்மையாக அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று காற்றோட்டம், மற்றது நிலையழுத்தம், அதாவது தடைக்கு எதிராகக் காற்றைத் தள்ளும் திறன். இது நீரின் மில்லிமீட்டர் உயரத்தில் அளக்கப்படுகிறது. ஆஸ்திரியாவின் நொக்டுவா நிறுவனம் 2018 இல் வெளியிட்ட என்.எஃப்-ஏ12 என்னும் 25 மி.மீ. தடிமனுள்ள விசிறி, நிமிடத்திற்கு 2000 சுற்றுகளில் மணிக்கு 102 கன மீட்டர் காற்றோட்டமும் 2.34 மி.மீ. நிலையழுத்தமும் தருவதாகக் குறிக்கப்பட்டுள்ளது. இவ்விரண்டும் ஒரே நேரத்தில் கிடைப்பவை அல்ல. முதல் எண் எதிரே எந்தத் தடையும் இல்லாதபோது கிடைப்பது. இரண்டாவது வழி முழுவதும் அடைபட்டுக் காற்றே நகராதபோது கிடைப்பது. உண்மையான பெட்டியில் விசிறி இவ்விரண்டுக்கும் இடையே ஏதோ ஒரு நிலையில் இயங்கும். வடிகட்டி, துளையிட்ட தகடு, கண்ணாடி முகப்பு ஆகியவற்றைக் கடக்கும்போது உறையில் உள்ள காற்றோட்டம் பாதியாகக் குறைவதும் உண்டு.

ஆகவே நெருக்கமான வடிகட்டியின் பின்னால் நிற்கும் முன்புற விசிறிக்கும், நீர்க்குளிர்விப்பின் ரேடியேட்டரில் பொருத்தப்படும் விசிறிக்கும் நிலையழுத்தம் மிகுந்தது தேவை. பின்புறத்தில் திறந்த கம்பிவலை வழியே காற்றை வெளியேற்றும் விசிறி எளியதாக இருந்தாலும் போதும்.

விசிறியின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் தாங்கி, அதாவது பேரிங். உறைத்தாங்கி மலிவானது. செங்குத்தான சுவரில் பொருத்தினால் போதிய காலம் உழைக்கும். கூரையிலோ அடியிலோ கிடைமட்டமாகப் பொருத்தினால் விரைவில் தேய்ந்து உறுமத் தொடங்கும். குண்டுத்தாங்கி எந்நிலையிலும் உழைக்கும், ஆனால் சற்று இரைச்சல் கூடியது. எண்ணெய்ப் படலத்தின் மீது அச்சு மிதக்கும் பாய்மத்தாங்கி இரண்டின் நன்மைகளையும் கொண்டது. விலையும் அதற்கேற்ப இருக்கும். விசிறிகளில் பதிக்கப்படும் வண்ண விளக்குகள் காற்றோட்டத்திற்கு எவ்வகையிலும் உதவுவதில்லை. அவற்றுக்குச் செலவிடும் பணத்தை நல்ல தாங்கிக்குச் செலவிடலாம்.

பொருத்தும் இடம்

இன்றைய ஏ.டி.எக்ஸ். கோபுரப் பெட்டிகளில் இயல்பான காற்றுவழி முன்புறத்தில் தொடங்கிப் பின்புறத்தில் முடிகிறது. முன்புறத்தில் உள்ளிழுக்கும் விசிறிகள் இரண்டும், பின்புறத்தில் செயற்பகுதியின் உயரத்தில் வெளியேற்றும் விசிறி ஒன்றும் என்பது பெரும்பாலான வீட்டுக் கணினிகளுக்குப் போதுமான அமைப்பு. மேலே கண்ட 300 வாட் கணினிக்கு, மிதமான வேகத்தில் ஓடும் மூன்று 120 மி.மீ. விசிறிகளே தேவையான காற்றைத் தந்துவிடும்.

முன்புற விசிறிகளில் ஒன்று வரைகலை அட்டையின் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருத்தல் வேண்டும். விளையாட்டுக் கணினியில் மிகுந்த வெப்பம் தருவது பெரும்பாலும் இந்த அட்டையே. திறந்த வகை அட்டைகள் தம் வெப்பத்தைப் பெட்டிக்குள்ளேயே விடுகின்றன. அந்தச் சூடான காற்று மேலெழுந்து செயற்பகுதியின் குளிர்விப்பானைச் சேர்கிறது. எனவே செயற்பகுதி சூடாகிறது என்று குறைபட்டுக்கொள்வோரில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது வரைகலை அட்டைக்குப் போதிய காற்றுதான்.

செயற்பகுதியின் மீது கோபுர வடிவக் குளிர்விப்பான் இருந்தால், அதன் விசிறி முன்னிருந்து பின்னோக்கி வீச வேண்டும். அப்போது அது தள்ளும் காற்றைப் பின்புற விசிறி உடனே வெளியேற்றிவிடும். குளிர்விப்பானைத் திருப்பிப் பொருத்தினால் இரண்டு விசிறிகளும் ஒரே காற்றுக்காக ஒன்றோடொன்று போராடும்.

கூரையில் விசிறி பொருத்துவதில்தான் தவறு மிகுதியாக நேர்கிறது. கூரையின் பின்பாதியில் வெளியேற்றும் விசிறி ஒன்றை வைப்பது தீங்கற்றது. சூடான பெட்டிகளில் நன்மையும் தரும். முன்பாதியில் வைத்தால், முன்புறமிருந்து வரும் புதிய காற்றைச் செயற்பகுதியை அடையும் முன்பே அது மேலே இழுத்து வெளியேற்றிவிடும். மூன்று விசிறிகளுக்கு இடம் உள்ளது என்பதற்காகக் கூரை முழுவதையும் வெளியேற்றும் விசிறிகளால் நிரப்புவோர் பணமும் செலவிட்டுக் காற்றையும் இழக்கின்றனர்.

‘வெப்பக் காற்று தானே மேலெழும், அதனால் கூரையில்தான் வெளியேற்ற வேண்டும்’ என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். கணக்கிட்டுப் பார்த்தால் இதன் வலிமை விளங்கும். 45 செ.மீ. உயரமுள்ள பெட்டியில் உட்காற்று வெளிக்காற்றைவிட 10 பாகை சூடாக இருந்தால், அதனால் உண்டாகும் அழுத்த வேறுபாடு நீரின் உயரத்தில் ஏறத்தாழ 0.02 மி.மீ. மட்டுமே. சாதாரண விசிறியின் நிலையழுத்தம் 1 முதல் 2 மி.மீ. வரை. அதாவது விசிறி 50 முதல் 100 மடங்கு வலியது. விசிறிகள் ஓடும் பெட்டியில் காற்று விசிறி சொல்லும் வழியில்தான் செல்லும்.

காற்று எளிய வழியையே தேடும் என்பதும் கருதத்தக்கது. பின்புறத்தில் அட்டைச் செருகுவாய்களின் மூடித்தகடுகள் இல்லாமல் திறந்து கிடந்தால், பின்புற விசிறி அந்தத் துளைகளிலிருந்தே காற்றை இழுத்து வெளியே விடும். முன்புறக் காற்றுக்கு வேலையே இராது. கம்பிகளைத் தாய்ப்பலகையின் பின்னால் ஒதுக்குவது பார்வைக்கு அழகு. ஆனால் விசிறிக்கு நேர் முன்னே கம்பிக் கற்றை தொங்கினாலொழிய வெப்பநிலையில் பெரிய மாற்றம் தெரிவதில்லை.

விசிறியின் திசையை அதன் உடலைக் கொண்டே அறியலாம். ஒரு புறம் இறக்கைகள் திறந்து தெரியும்; மறுபுறம் மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கால்கள் இருக்கும். காற்று திறந்த புறமாக நுழைந்து, கால்கள் உள்ள புறமாக வெளியேறும். பல விசிறிகளின் சட்டத்தில் அம்புக்குறியும் இருக்கும். கால்கள் கண்ணில் படாமல் அழகாகத் தோன்றுவதற்காக, இறக்கைகள் எதிர்த்திசையில் வளைக்கப்பட்ட விசிறிகள் 2020களில் பரவலாயின. அவற்றுக்கு இவ்விதி மாறும்.

உள்ளழுத்தமும் தூசியும்

உள்ளே வரும் காற்று வெளியேற்றும் விசிறிகளின் திறனைவிட மிகுதியாக இருந்தால் பெட்டிக்குள் அழுத்தம் அறையைவிடச் சற்றுக் கூடும். அப்போது இடுக்குகள் வழியே காற்று வெளியே கசியும். வெளியேற்றம் மிகுந்தால் அழுத்தம் குறைந்து, ஒவ்வோர் இடுக்கின் வழியாகவும் காற்று உள்ளே நுழையும். அவ்விடுக்குகளில் வடிகட்டி கிடையாது. எனவே தூசி மிகுந்த வீடுகளில் உள்ளிழுப்பு சற்றுக் கூடுதலாக இருப்பதே விரும்பத்தக்கது. குளிர்விப்பில் இவ்விரண்டு நிலைகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை, தூசியில்தான் வேறுபாடு.

விசிறிகளை எண்ணி மட்டும் இதை முடிவு செய்ய இயலாது. அடைபட்ட வடிகட்டியின் பின்னால் நிற்கும் இரண்டு விசிறிகள், தடையற்ற ஒரு பின்புற விசிறியைவிடக் குறைவான காற்றையே தரலாம். கழுவாத வடிகட்டி சில மாதங்களில் பெட்டியின் அழுத்தத்தையே தலைகீழாக்கிவிடும். கணினியை நிறுத்தி, வடிகட்டியைக் கழற்றி நீரில் கழுவி, முழுவதும் உலர்ந்த பின்னரே மாட்ட வேண்டும். ஊதுகருவியால் உள்ளே தூய்மை செய்யும்போது விசிறியின் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிடில் அவை அளவுக்கு மீறிச் சுழன்று தாங்கி கெடக்கூடும்.

வேகமும் இரைச்சலும்

விசிறியின் சுழல்வேகத்தைப் பாதியாக்கினால் காற்றோட்டம் பாதியாகும். அழுத்தம் நான்கில் ஒன்றாகும். அது எடுக்கும் திறன் எட்டில் ஒன்றாகும். இரைச்சல் ஏறத்தாழ 15 டெசிபெல் குறையும். அதே வேகத்தில் ஓடும் இன்னொரு விசிறியைச் சேர்த்தால் கூடுவதோ 3 டெசிபெல் மட்டுமே. ஆகவே முழு வேகத்தில் ஓடும் ஒரு விசிறிக்குப் பதிலாகப் பாதி வேகத்தில் ஓடும் இரண்டு விசிறிகளை வைத்தால், கொள்கையளவில் அதே காற்று ஏறத்தாழ 12 டெசிபெல் குறைந்த இரைச்சலில் கிடைக்கும். கூடுதல் விசிறி வாங்குவதற்கு இதுவே வலுவான காரணம்.

மூன்று முனை விசிறியில் தரை, 12 வோல்ட், வேகத்தை அறிவிக்கும் கம்பி ஆகியவை உள்ளன. இதன் வேகம் மின்னழுத்தத்தைக் குறைப்பதால் குறைக்கப்படுகிறது. நான்கு முனை விசிறியில் நான்காவது கம்பி ஏறத்தாழ 25 கிலோஹெர்ட்ஸ் துடிப்புகளின் வழியே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது, இது பி.டபிள்யூ.எம். எனப்படும். மூன்று முனை விசிறியை நான்கு முனை இணைப்பியில் செருகலாம். ஆனால் பயாஸ் அமைப்பில் அதனை மின்னழுத்த முறைக்கு மாற்றாவிட்டால் அது எப்போதும் முழு வேகத்தில் ஓடும். புதிய கணினி காரணமின்றி இரைந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

தாய்ப்பலகையின் விசிறி இணைப்பிகள் பெரும்பாலும் 1 ஆம்பியர் வரை தாங்கும். பிரிப்புக் கம்பியால் பல விசிறிகளை ஒரே இணைப்பியில் சேர்க்கும் முன், ஒவ்வொன்றின் மீதும் அச்சிடப்பட்ட மின்னோட்டத்தைக் கூட்டிப் பார்ப்பது தேவை.

பெட்டியை வைக்கும் இடம்

கணினிக்கென விற்கப்படும் மரமேசைகள் பலவற்றில் பெட்டியை வைக்கக் கதவுடன் கூடிய அறை ஒன்று இருக்கும். அதன் பின்புறம் மூடியிருந்தால், வெளியேறிய சூடான காற்று முன்புறம் வந்து மீண்டும் உள்ளே நுழையும். அப்போது கணினிக்கு ‘அறை வெப்பநிலை’ என்பது அந்த மர அறையின் வெப்பநிலையே. எவ்வளவு விலையுயர்ந்த விசிறியாலும் இதனைச் சரிசெய்ய இயலாது. பெட்டியின் பின்புறத்திற்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விடுவதும், அடியில் மின்வழங்கிக்கான காற்றுவழி உள்ள பெட்டியைத் தடித்த விரிப்பின் மீது வைக்காதிருப்பதும் நல்லது.

சோதித்தறிதல்

மெல்லிய தாள் துண்டு ஒன்றை முன்புற வலையருகே பிடித்தால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். பின்புறத்தில் விலகிப் பறக்க வேண்டும். பக்க மூடியின் இடுக்குகளருகே ஊதுபத்தியின் புகையைக் காட்டினால், அது உள்ளே இழுக்கப்படுகிறதா வெளியே தள்ளப்படுகிறதா என்பதிலிருந்து உள்ளழுத்தத்தை அறியலாம். சாம்பல் உள்ளே விழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெப்பநிலையை ஒப்பிடும்போது ஒவ்வொரு முறையும் அறையின் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டு, அதைக் கழித்த பின்னரே எண்களை ஒப்பிட வேண்டும். காலையில் ஓர் அமைப்பையும் பிற்பகலில் மற்றோர் அமைப்பையும் சோதித்து, விசிறியால் பயன் இல்லை என்று முடிவு செய்வோர் பலர். ஒரே சுமையை அரைமணி நேரம் கொடுத்து, வெப்பநிலை நிலைபெற்ற பின்னர் குறிப்பெடுத்தால் போதுமானது.

பக்க மூடியைக் கழற்றி அதே சோதனையைச் செய்வது மிகவும் பயனுள்ளது. மூடியைக் கழற்றியதும் வெப்பநிலை 10 பாகை அளவுக்குச் சட்டென்று இறங்கினால், பெட்டிக்குக் காற்று போதவில்லை என்பது பொருள். முன்புற வடிகட்டியையும் முகப்பையும் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு பாகையே இறங்கினால் பெட்டியின் காற்றோட்டத்தில் குறை இல்லை. அந்நிலையிலும் செயற்பகுதி கொதித்தால், குறை அதன் குளிர்விப்பானிலோ, இடையே தடவப்பட்ட வெப்பப் பசையிலோதான் இருக்கும். அப்போது புதிய பெட்டி விசிறி வாங்கத் தேவையில்லை.